குதிரை வரும் பின்னே, பட்டா வரும் முன்னே!

மூன்று ஆறுகள் கூடும் இடம் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் இங்கே ஒன்று சேருகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலே, உத்திரமேரூர் வட்டாரத்திலே உள்ள சிற்றூர் இது. ஆற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம். இக்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில்.

அந்தக் கோயில் சுவரிலே ஒரு பள்ளிக்கூடத்தின் கதை எழுதியிருக்கிறது. எழுதி 950 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

அந்தக் கதைக்கும் குதிரைக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை. ஆனாலும், "எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரை ஏற்றம் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏன்? அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

லாயம் எங்கே?

நகரத்துப் பள்ளிகள் கிராமத்துப் பக்கம் நிலம் தேடி வரும் காலம் இது. காற்று நன்றாக இருக்கிறது. இடம் விசாலமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சல், தோட்ட வேலை, குதிரைச் சவாரி என்று புதிய புதிய பாடங்கள்.

குதிரைச் சவாரி நல்ல பயிற்சிதான். உடம்பு நிமிரும். பயம் போகும். வாயில்லாப் பிராணியிடம் அன்பு காட்டப் பிள்ளைகள் பழகுவார்கள்.

ஒரு காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கே குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீ அரவிந்தர் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். குதிரைச் சவாரித் தேர்வுக்கு மட்டும் போகவில்லை. அதனாலேயே அவருக்கு அந்த உத்தியோகம் கிடைக்கவில்லை. நிலவரி வசூலிக்கிற அதிகாரி அந்த நாளில் குதிரையில்தான் ஊர் ஊராகப் போக வேண்டும். இன்றைக்கும் மசூரியில் பயிற்சி பெறும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குக் குதிரைச் சவாரி சொல்லித் தருகிறார்கள்.

சரி. ஒரு பள்ளி நான்கு குதிரை வாங்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேணம் வாங்கியாயிற்று. கடிவாளம் வாங்கியாயிற்று. சவாரி சொல்லித் தர ஆளும் கிடைத்துவிட்டார்.

லாயம் எங்கே கட்டுவது?

"பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடம்தானே, அங்கே கட்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'சும்மா கிடக்கிற இடம்' என்று ஒன்று கிராமத்தில் கிடையாது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சர்வே எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதி உண்டு.

ஒரு குதிரைக்கு என்ன வேண்டும்?

விதியைப் பார்ப்பதற்கு முன்னால் குதிரையைப் பார்ப்போம்.

நடுத்தரமான ஒரு குதிரை சுமார் 400 முதல் 450 கிலோ எடை இருக்கும். நாளுக்கு 8 முதல் 10 கிலோ தீவனம் தின்னும். புல், வைக்கோல், ஊறவைத்த கொள்ளு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தண்ணீர் 30, 40 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் அதிகம். லாயத்தில் ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடமாவது வேண்டும். தனியாக நின்றால் குதிரை ஏங்கிப் போகும். துணை வேண்டும்.

அது போடும் லத்தி நாளுக்கு 15 முதல் 20 கிலோ.

நான்கு குதிரை என்றால் நாளுக்கு 60 முதல் 80 கிலோ. மாதம் முடியும்போது ஏறக்குறைய 2 டன்! அதை எங்கே கொட்டுவது? மழை பெய்தால் அது எந்தப் பக்கம் ஓடும்? யார் கிணற்றில் இறங்கும்?

ஆகவே குதிரை வைப்பது என்பது வெறும் சவாரிச் சமாசாரம் அல்ல. அது நிலம், நீர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்த சமாசாரம்.

குதிரையை விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பிறகு விழிப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைக் கண்டு வியந்தார். கடல் கடந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் வருகின்றன. பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை மடிந்து போகின்றன என்று அவர் எழுதிவைத்தார்.

கல்லிலே ஒரு பள்ளிக்கூடம்

இப்போது கோயில் சுவருக்கு வருவோம்.

சோழ மன்னன் வீரராஜேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கங்கை கொண்ட ராஜேந்திர சோழனின் மகன். அவனுடைய ஐந்தாம் ஆட்சி ஆண்டில், அதாவது சுமார் 1068-ல், திருமுக்கூடல் கல்வெட்டு எழுதப்பட்டது. 1915-ல் கல்வெட்டுத் துறையினர் அதைப் படியெடுத்தார்கள்.

அதில் என்ன இருக்கிறது?

கோயிலில் ஒரு பள்ளி நடந்தது. ரிக் வேதம் படிக்க 10 மாணாக்கர். யஜுர் வேதம் படிக்க 10 பேர். இலக்கணம் படிக்க 20 பேர். இவர்கள் தங்கிப் படிக்க விடுதி உண்டு. சாப்பாடு உண்டு. சனிக்கிழமை தோறும் தலை முழுக எண்ணெய் உண்டு. இரவில் விளக்கெரிக்கவும் எண்ணெய் உண்டு!

அருகிலேயே ஒரு வைத்தியசாலை. 'வீரசோழன்' என்று அதற்குப் பெயர். நோயாளிகளுக்கு 15 படுக்கைகள். ஒரு வைத்தியர். அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர். மூலிகை பறித்து வர இருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் எடுத்து வர ஒருவர். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். ஓராண்டுக்கு வேண்டிய சுமார் 20 வகை மருந்துகளின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன.

அந்தப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்க முடியவில்லை. வேதம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே அது நடந்தது. இன்றைய பள்ளி எல்லாருக்கும் பொது. அந்த வகையில் காலம் நல்லதற்குத்தான் மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த நாள் நிர்வாகிகளிடம் இன்றைக்கும் பாடம் படிக்கலாம். பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வரையில் கணக்குப் போட்டார்களே, அந்தச் செலவுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

நிலத்திலிருந்து வந்தது!

75 கழஞ்சு பொன்

திருமுக்கூடலுக்கு அருகில் வயலைக்காவூர் என்று ஓர் ஊர். அந்த ஊர் செலுத்த வேண்டிய வரி 75 கழஞ்சு பொன். ஒரு கழஞ்சு சுமார் 5 கிராம் என்று வைத்தால், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 47 பவுன். இந்த வருமானத்தை இந்த இந்தச் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான்.

வாயால் சொன்னதோடு விட்டுவிடவில்லை. அதுதான் முக்கியம்.

சோழர் காலத்தில் எந்த நிலம் எந்த வகை என்பதற்குத் திட்டமான பிரிவுகள் இருந்தன. உழவர்கள் வரி கட்டிப் பயிரிடும் நிலம் 'வெள்ளான் வகை'. கோயிலுக்கு விட்ட நிலம் 'தேவதானம்'. அறச்சாலைக்கு விட்டது 'சாலாபோகம்'. சமணப் பள்ளிக்கு விட்டது 'பள்ளிச்சந்தம்'. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற வேண்டுமானால் ஓலை எழுத வேண்டும். வரித் துறையின் கணக்கிலே ஏற்ற வேண்டும். அதற்குப் 'வரியிலிடுதல்' என்று பெயர். அந்தத் துறைக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்று பெயர். பல அதிகாரிகள் பார்த்து ஒப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, நாளைக்கு யாரும் மறுக்கக் கூடாது என்று கல்லிலும் வெட்டினார்கள்.

ஆக, முதலில் நிலக் கணக்கு நேராயிற்று. பிறகுதான் பாடம் நடந்தது. பிறகுதான் படுக்கை போட்டார்கள்.

பக்கத்து உத்திரமேரூரிலும் இதே கதைதான். குடவோலை முறையில் ஊராட்சிக்கு ஆள் எடுத்ததைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அவை 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்துக்கு வர விரும்புகிறவனுக்கு வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது.

தன் நிலக் கணக்கு நேராக இருப்பவன்தான் ஊர்க் கணக்கைத் தொடலாம் என்பது அவர்கள் கொள்கை.

இன்றைக்கு என்ன பெயர்?

பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. விஷயம் மாறவில்லை.

இன்றைக்கு நிலத்தின் சொந்தக்காரர் யார் என்று பட்டா சொல்லும். நன்செயா, புன்செயா என்று சிட்டா சொல்லும். அதில் என்ன பயிர் இருக்கிறது என்று அடங்கல் சொல்லும். எல்லை எங்கே என்று புலப்படம் சொல்லும். முன்பு கர்ணம் பார்த்த இந்தக் கணக்கை 1980-க்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர் பார்க்கிறார். பட்டாவையும் சிட்டாவையும் இப்போது கணினியிலும் பார்க்கலாம்.

பள்ளிக்காரர்கள் முதலில் எடுக்க வேண்டியது இந்த நான்கு காகிதங்களைத்தான். குதிரைத் தரகரைப் பிறகு பார்க்கலாம்.

"எங்கள் பட்டா நிலத்தில் நாங்கள் குதிரை கட்டுகிறோம். மாடு கட்டுவதில்லையா? இதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் குதிரையில் இல்லை. அது செய்யும் வேலையில் இருக்கிறது. உழவர் தன் வயலில் மாடு கட்டினால் அது விவசாயத்தைச் சேர்ந்தது. பள்ளி ஒன்று லாயம் கட்டி, திடல் போட்டு, வண்டிகள் நிற்க இடம் ஒதுக்கி, பிள்ளைகளைக் கூட்டி வந்து, கட்டணம் வாங்கிச் சவாரி கற்றுக் கொடுத்தால்? நிலம் வேறு வேலைக்குப் போகிறது. அதைத்தான் 'நிலப் பயன்பாட்டு மாற்றம்' என்று சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஊர் திட்டப் பகுதிக்குள் இருந்தால், அங்கே எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் குறித்திருப்பார்கள். திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-ல் தனி விதிகள் வந்தன. நன்செய் என்றால் கெடுபிடி அதிகம். மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். கட்டடத்துக்கு 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன.

நன்செய்க்கு ஏன் இவ்வளவு காவல்? ஏரிப் பாசனத்தில் ஒரு வயலைத் தூர்த்தால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகாது. ஒருவர் லாயம் கட்டினால் பத்துப் பேர் நெல் காயும். அதற்குத்தான் இந்தக் காவல்.

ஐந்து இடங்களில் கவனம்!

திருமுக்கூடல் போன்ற ஊரில் லாயம் போடுகிறவர்கள் ஐந்து இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று: ஆற்றங்கரை, ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கு. மணல் மெத்தென்று இருக்கிறது, குதிரை ஓட நன்றாக இருக்கும் என்று ஆசை வரும். கூடாது. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளைக் காக்கும் 2007-ம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. சட்டத்தை விட்டாலும் ஆறு விடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் அதைச் சொல்வார்கள். கட்டிப் போட்ட குதிரை வெள்ளத்தில் என்ன செய்யும்?

இரண்டு: மேய்க்கால் புறம்போக்கு. அது ஊர் மாடுகளின் சொத்து. "குதிரையும் மேய்கிற பிராணிதானே" என்று வாதாடலாம். ஆனால் வேலி போட்டு ஒரு பள்ளி மட்டும் வைத்துக்கொண்டால், ஊர் மாடு எங்கே போகும்? 2011-ல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளம் பற்றிய வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்ப் பொது நிலத்தைப் பிடித்தவர், நெடுநாள் இருந்துவிட்டேன், நிறையச் செலவழித்துக் கட்டிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

மூன்று: கோயில் நிலம். பழைய தேவதானம் இன்றும் தேவதானம்தான். 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் செல்லாது.

நான்கு: பழைய சின்னங்களின் சுற்றுப்புறம். திருமுக்கூடல் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ம் ஆண்டுச் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அதன்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் இந்த விதி உண்டு!

ஐந்து: நன்செய். இதை முன்பே பார்த்தோம்.

இந்த ஐந்தையும் தவிர்த்து, மேடான புன்செய் கிடைத்தால் அதுதான் லாயத்துக்கு ஏற்ற இடம். தண்ணீர் தேங்காத தரைதான் குதிரையின் குளம்புக்கும் நல்லது. சட்டமும் குதிரையும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன!

ஊட்டியில் நடந்தது

"இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நினைப்பவர்களுக்கு ஊட்டியைக் காட்டலாம்.

ஊட்டிக் குதிரைப் பந்தயத் திடல் எல்லாருக்கும் தெரியும். ஊரின் நடுவிலே சுமார் 52 ஏக்கர். அரசாங்கத்தின் நிலம். பந்தயம் நடத்தியவர்கள் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குத்தகை 1978-ல் முடிந்துவிட்டது. குத்தகைப் பாக்கி பற்றிய வழக்கு நீண்ட காலம் நடந்தது. கடைசியில் 2024-ல் அரசு அந்த நிலத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஓடிய இடம். ஆனாலும் கணக்குப் பார்க்கும்போது பேசியது குளம்புச் சத்தம் அல்ல; குத்தகைப் பத்திரம்தான்.

பெரிய மன்றத்துக்கே இந்தக் கதி என்றால் சிறிய பள்ளி எம்மாத்திரம்?

கட்டியாகிவிட்டது, இனி என்ன?

சில பள்ளிகள் விவரம் தெரியாமல் முன்பே லாயம் கட்டியிருக்கலாம். குதிரைகளும் வந்திருக்கலாம். பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருப்பார்கள். அப்போது என்ன செய்வது? மறைப்பது வழி அல்ல. நேராக்குவதுதான் வழி. அதைப் படிப்படியாகச் செய்யலாம்.

முதல் படி: மேலே கட்டுவதை நிறுத்த வேண்டும். இருக்கிற தவறைப் பெரிதாக்கக் கூடாது.

இரண்டாம் படி: நில அளவரைக் கொண்டு அளக்க வேண்டும். கொட்டகையின் ஒரு மூலை வாய்க்காலுக்குள் இருக்கிறதா, பக்கத்து வயலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கிலி சொல்லும்.

மூன்றாம் படி: புறம்போக்கில் இருந்தால் தாமாகவே பிரித்துவிட வேண்டும். நீர்நிலையில் கட்டியதற்குப் பணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம் என்று நம்பக் கூடாது.

நான்காம் படி: பட்டா நிலத்தில் இருந்தால் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும். பிறகு கட்டட அனுமதி. கூரைக் கொட்டகைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கி வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நிலம் குத்தகை என்றால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் பின்னால் சண்டை வரும்போது கைகொடுக்காது. குதிரை இருபது, இருபத்தைந்து ஆண்டு வாழும் பிராணி. பதினோரு மாத வாடகைச் சீட்டில் அதைக் கொண்டு வந்து நிறுத்துவது என்ன நியாயம்?

ஆறாம் படி: குதிரைகளின் கதி. அனுமதி வரும் வரை அவற்றைத் தகுந்த வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டினி போடுவதும், தெருவில் அவிழ்த்து விடுவதும் குற்றம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு முன்பே மாநிலங்கள் அவையில் இதற்காக மசோதா கொண்டு வந்து போராடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

பக்கத்து வயல்காரர்

அதிகாரிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த வயல்காரர் ஒரு நாள் காலையில் வந்து நிற்பார்.

"வாத்தியாரய்யா, உங்க குதிரை லத்தியெல்லாம் என் கிணத்தோரம் கிடக்குதே. ஈ மொய்க்குது. குழந்தைங்க குடிக்கிற தண்ணி ஐயா" என்பார்.

அவரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டினால் போதுமா? போதாது. லத்திக் குழியைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி வெட்ட வேண்டும். மழைத் தண்ணீர் இறங்காதபடி வரப்புக் கட்ட வேண்டும். மூடி வைத்து மட்க வைத்தால் அந்த 2 டன் தொல்லையே நல்ல எருவாகும். அதில் இரண்டு வண்டி பக்கத்து வயலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதே பெரியவர் சிரித்துக்கொண்டு போவார்.

இன்னொன்று, நோய். குதிரைக்கு வரும் 'கிளாண்டர்ஸ்' என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் வந்தால் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே இரத்தப் பரிசோதனை செய்து வாங்குவது நல்லது. லாயத்து மண்ணில் காயம் பட்டால் ரண ஜன்னி வரலாம். ஆகவே பிள்ளைகளுக்கும் குதிரைக்காரருக்கும் தடுப்பூசி அவசியம்.

குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளிக்காரர்கள் அங்கே போய், "இன்ன சர்வே எண்ணில், இத்தனை குதிரை, இன்ன இடத்தில் குழி, இன்ன இடத்தில் தண்ணீர்" என்று ஊரார் முன் சொல்லிவிட வேண்டும். அது அனுமதிக்குப் பதில் ஆகாது. ஆனால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். ஊர்ப் பிள்ளைகளும் வாரம் ஒரு நாள் சவாரி பழகலாம் என்று சேர்த்துச் சொன்னால், மீதிச் சண்டையும் தீர்ந்துவிடும்!

சுவர் சொல்லும் பாடம்

காகிதம் என்றாலே நமக்கு அலுப்பு. நல்ல காரியம்தானே செய்கிறோம், இதற்கு எதற்கு இவ்வளவு கையெழுத்து என்று தோன்றும்.

வீரராஜேந்திரன் நாடாண்ட மன்னன். அவன் வாய்ச் சொல்லே சட்டம். அவன் நினைத்திருந்தால், "கொடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவனே ஓலை எழுதச் செய்தான். கணக்கில் ஏற்றச் செய்தான். கல்லில் வெட்டச் செய்தான்.

எதற்காக? தான் போன பிறகும் அந்த மாணாக்கருக்குச் சனிக்கிழமை எண்ணெய் கிடைக்க வேண்டும். அந்த 15 படுக்கையிலும் நோயாளிக்குக் கஞ்சி கிடைக்க வேண்டும். மன்னன் மனம் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது.

இன்றைக்கு ஒரு சிறுமி முதல் முறையாகக் குதிரை மேல் ஏறி உட்காருகிறாள் என்றால், அவளுக்குக் கீழே குதிரை இருக்கிறது. குதிரைக்குக் கீழே நிலம் இருக்கிறது. அந்த நிலம் உறுதியாக இருந்தால்தான் அடுத்த ஆண்டும் அவள் வரலாம். அவள் தங்கையும் வரலாம்.

திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. நிலம், நீதி, கல்வி என்ற மூன்றும் அங்கே ஒரு காலத்தில் கூடின. அவை மறுபடியும் கூடட்டும். குதிரை அதற்குப் பின்னால் வரட்டும்!